374 குதிரைத்திறன் கூடுதல், வேகம் கூடியதோ வெறும் 21 கி.மீ. ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் மெக்லாரன் எஃப்1 கார் 627 குதிரைத்திறனோடு மணிக்கு 386 கி.மீ. ஓடியது. 2005-இல் வந்த புகாட்டி வேய்ரான் 1001 குதிரைத்திறனோடு 407 கி.மீ. ஓடியது. நடுவில் ஏழு ஆண்டு, 374 குதிரைத்திறன் கூடுதல், கிடைத்த லாபமோ 21 கி.மீ. இது எப்படி? கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: இழுவைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான எண், குறைந்தால் நல்லது) 0.20 என்று பெருமையாகச் சொல்லப்படும் மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் மின்கார் 210-ஐத் தாண்டுவதில்லை, 0.36 உள்ள வேய்ரான் 400-ஐத் தாண்டுகிறது. அப்படியானால் அந்த எண்ணுக்கு என்னதான் மதிப்பு?

இரண்டுக்கும் விடை காற்றில்தான் இருக்கிறது. காற்றுக்கு எடை இல்லை என்று நாம் பாட்டுக்கு நினைத்துக்கொள்கிறோம். கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு கனமீட்டர் காற்று 1.225 கிலோ இருக்கும். வேய்ரானின் முகப்புப் பரப்பு 2.07 சதுர மீட்டர். அதாவது, காரை நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் நிழலுருவத்தின் பரப்பு. மணிக்கு 400 கி.மீ. என்றால் நொடிக்கு 111 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஒரு நொடியில் அந்தக் கார் துளைத்துக்கொண்டு போகும் காற்று சுமார் 230 கனமீட்டர், எடையில் 280 கிலோ. ஒவ்வொரு நொடியும் கால் டன்னுக்கு மேற்பட்ட ஒன்றை ஒதுக்கித் தள்ளிவிட்டுத்தான் அது முன்னே போகிறது.

வேகம் இரட்டித்தால் என்ன ஆகும்? ஒரு நொடியில் ஒதுக்க வேண்டிய காற்று இரண்டு மடங்கு. ஒவ்வொரு கிலோவையும் தள்ள வேண்டிய வேகமும் இரண்டு மடங்கு. ஆகவே எதிர்ப்பு விசை நான்கு மடங்கு. ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கையை நீட்டியவர்களுக்கு இது கணக்கில்லாமலே தெரியும். 30-இல் சுகமாக இருக்கும் காற்று 80-இல் கையைப் பின்னால் முறுக்கும்.

அதோடு முடியவில்லை. திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கியது. நான்கு மடங்கு விசையை இரண்டு மடங்கு வேகத்தில் சமாளிக்க வேண்டுமென்றால் எட்டு மடங்கு திறன் வேண்டும். இதுதான் மும்மடிக் கணக்கு. உச்ச வேகம் பற்றிய எல்லாக் கதைகளும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

வேய்ரானையே எடுத்துக்கொள்வோம். உச்ச வேக நிலையில் அதன் இழுவைக் குணகம் 0.36. முகப்புப் பரப்போடு பெருக்கினால் 0.745 சதுர மீட்டர். காற்றின் அடர்த்தியில் பாதி, அதைப் பெருக்க இந்த 0.745, அதைப் பெருக்க வேகத்தின் வர்க்கம். இவ்வளவுதான் சூத்திரம். 400-இல் விசை சுமார் 5,600 நியூட்டன் வருகிறது. நொடிக்கு 111 மீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 626 கிலோவாட், அதாவது 850 குதிரைத்திறன். டயர் உருளுவதற்கான தடைக்கு இன்னொரு 60 சேர்த்தால் 910. 407-க்குக் கணக்கிட்டால் 960-ஐ நெருங்கும். கியர்பெட்டியும் அச்சுகளும் தின்னும் பங்கைச் சேர்த்தால் 1001 சரியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. தாளும் பேனாவும் போதும், காரை நிறுத்தி வைத்துக் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் வேண்டாம்.

இதே காரை 200-இல் ஓட்ட எவ்வளவு வேண்டும்? சுமார் 130 குதிரைத்திறன். சாதாரணக் குடும்பக் காரின் இன்ஜினே போதும். 300-க்கு ஏறத்தாழ 400. மீதமுள்ள 600 குதிரைகளும் கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்காகக் கட்டி வைத்தவை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

மும்மடியைத் திருப்பிப் போட்டால் கனமூலம். திறனை இரட்டித்தால் வேகம் 1.26 மடங்குதான் ஆகும், அதுவும் மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால். இந்த விதி எவ்வளவு நம்பகமானது என்று பார்க்க ஒரு அழகான சோதனை உண்டு. 2010-இல் வேய்ரான் சூப்பர் ஸ்போர்ட் வந்தது, 1200 குதிரைத்திறனோடு. 1200-ஐ 1001-ஆல் வகுத்துக் கனமூலம் எடுத்தால் 1.062. 407-ஐ அதால் பெருக்கினால் 432. எதிரெதிர்த் திசைகளில் ஓடி அந்தக் கார் பதிவு செய்த சராசரி 431.07. முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த ஒன்றைப் பள்ளிக்கூடக் கணக்கு ஒரு கிலோமீட்டர் வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறது. அந்தக் காரின் உடலமைப்பிலும் மாற்றங்கள் செய்தார்கள், ஆகவே இந்தப் பொருத்தத்தில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு.

இனி உங்கள் முதல் கேள்வி. மெக்லாரன் எஃப்1-இன் குணகம் 0.32, முகப்புப் பரப்பு 1.79 சதுர மீட்டர். பெருக்கினால் 0.57. வேய்ரானுக்கு 0.745. ஆக, புகாட்டி 60 சதவீதம் கூடுதல் திறனைக் கொண்டுவந்தது உண்மைதான், கூடவே 30 சதவீதம் கூடுதல் இழுவையையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை பாதி பிடுங்கிவிட்டது. மிச்சத்துக்குக் கனமூலம் எடுத்தால் ஏழு சதவீதம்தான் தேறும். நிஜத்தில் கிடைத்தது ஐந்தரை.

இதில்தான் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. குணகம் என்பது வடிவத்தின் நேர்த்திக்கான மதிப்பெண், அவ்வளவே. உருவத்தின் அளவு அதில் கிடையாது. ஈக்யூஎஸ்ஸின் முகப்பு 2.51 சதுர மீட்டர். 0.20-ஆல் பெருக்கினால் 0.50. அதாவது குணகத்தில் வேய்ரானை விட 45 சதவீதம் குறைவு, ஆனால் உண்மையான இழுவையில் மூன்றில் ஒரு பங்குதான் குறைவு. மெக்லாரன் எஃப்1-ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் சின்னது. ஈக்யூஎஸ் 210-இல் நிற்பது காற்றால் அல்ல, மின்னணுவில் போட்ட வரம்பால். அந்தக் குறைந்த இழுவை அங்கே வேகத்துக்காக இல்லை, ஒரு சார்ஜில் அதிக தூரம் போவதற்காக. இரண்டு கார்களை ஒப்பிட வேண்டுமென்றால் குணகத்தை மட்டும் வைத்துச் சண்டை போடாதீர்கள், பெருக்குத்தொகையைக் கேளுங்கள். முகப்புப் பரப்பைச் சொல்லாமல் குணகத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போடும் விளம்பரத்தை நான் பாதிதான் நம்புவேன்.

சரி, 1001 குதிரைத்திறன் காரை வடிவமைத்தவர்களுக்கு 0.57 போதும் என்று தெரியாதா? தெரியும். முடியவில்லை. காரணம் வெப்பம். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் சுமாராக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது, மீதி குளிர்விப்பானின் தலையில் விழுகிறது. ஆகவே ஆயிரம் குதிரைத்திறன் இன்ஜின் என்றால், கிட்டத்தட்ட இன்னொரு ஆயிரம் குதிரைத்திறன் அளவுக்கான வெப்பத்தை ரேடியேட்டர் வழியே வெளியேற்ற வேண்டும். வேய்ரானில் பத்து ரேடியேட்டர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் காற்று நுழைய வேண்டும், மெல்லிய தகடுகளுக்கு இடையே தவழ வேண்டும், வேகத்தை இழந்து குழம்பிப்போய் வெளியே வர வேண்டும். அந்த இழப்பெல்லாம் இழுவைக் கணக்கில்தான் ஏறும். திறனைக் கூட்டினால் வெப்பம், வெப்பம் கூடினால் துளைகள், துளைகள் கூடினால் இழுவை, இழுவையை வெல்ல இன்னும் திறன். நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி.

இந்த வட்டத்தை உடைத்தவர்கள் ஒருமுறை என்ன செய்தார்கள் தெரியுமா? 1938 ஜனவரி 28 அன்று, ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஷ்டாட்டுக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் ருடால்ஃப் கராச்சியோலா மெர்சிடிஸ் டபிள்யூ125 சாதனைக் காரை 432.7 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். 736 குதிரைத்திறன் தான். ரேடியேட்டரைக் காற்றில் வைக்கவே இல்லை. ஐஸும் தண்ணீரும் நிரப்பிய ஒரு பெட்டிக்குள் அமிழ்த்திவிட்டார்கள். முகப்பில் இன்ஜின் மூச்சுவிட இரண்டு சின்னத் துளைகள் மட்டும். சக்கரங்களையும் மூடிவிட்டார்கள். குணகம் 0.157. சில நிமிட ஓட்டத்துக்கு ஐஸ் போதும், யாரும் அந்தக் காரில் அலுவலகம் போகப்போவதில்லை. பொதுச் சாலையில் அந்த வேகத்தை மிஞ்ச 2017 வரை ஆளில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் நெவாடாவில் கோனிக்செக் அகேரா ஆர்எஸ் இரு திசைச் சராசரி 447.19 கி.மீ. எடுத்துத்தான் அதை முறியடித்தது.

அதே 1938 ஜனவரி 28 அன்று, அதே சாலையில், போட்டி நிறுவனமான ஆட்டோ யூனியனின் பெர்ன்ட் ரோஸ்மேயர் பதிலுக்குக் கிளம்பினார். பக்கவாட்டில் அடித்த காற்று காரைச் சாலையிலிருந்து தள்ளியது. அவர் அங்கேயே இறந்தார். இழுவையைக் குறைப்பது பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் மறந்துபோகும் இன்னொரு கணக்கு இது. வழவழப்பான நீள உடல் முன்னிருந்து வரும் காற்றுக்கு நல்லது, பக்கவாட்டுக் காற்றுக்கு அது விரித்த பாய்.

பக்கவாட்டை விடவும் மோசமானது மேல்நோக்கியது. சாதாரணக் காரின் பக்கத் தோற்றத்தைப் பாருங்கள்: அடியில் தட்டை, மேலே வளைவு. விமான இறக்கையின் குறுக்குவெட்டும் அதுவேதான். மேலே வளைந்து போகும் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், கார் மேலே உறிஞ்சப்படும். அந்தத் தூக்குவிசையும் வேகத்தின் வர்க்கமாகத்தான் கூடும். 100-இல் தெரியாதது 300-இல் ஒன்பது மடங்கு. 1999 லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்கள் மூன்று முறை காற்றில் புரண்டன. மார்க் வெப்பர் ஓட்டியபோது இரண்டு முறை, பந்தயத்தின்போது பீட்டர் டம்ப்ரெக் ஓட்டியது தடுப்பைத் தாண்டி மரங்களுக்கிடையே போய் விழுந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய அதிசயம். மிஞ்சியிருந்த காரையும் நிறுவனம் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது.

ஆகவே வேகக் காருக்கு இழுவை குறைந்தால் மட்டும் போதாது, தரையோடு அழுத்தும் கீழ்விசையும் வேண்டும். கீழ்விசை இலவசமாகக் கிடைப்பதில்லை. பின்னிறக்கை காற்றை மேலே திருப்பிவிட்டுத்தான் காரைக் கீழே அழுத்துகிறது. திருப்பிய காற்று சுழல்களாகப் பின்னால் இழுபடும், அந்தச் சுழல்களுக்கான ஆற்றலையும் இன்ஜின்தான் தர வேண்டும். லம்போர்கினி கவுன்டாக்கின் அந்தப் புகழ்பெற்ற பின்னிறக்கை உச்ச வேகத்தில் குறைந்தது 16 கி.மீ.யைத் தின்றது. வாங்கியவர்களில் பலர் அதை அழகுக்காகத்தான் மாட்டிக்கொண்டார்கள் என்பது என் ஊகம்.

இதன் உச்சக்கட்டம் ஃபார்முலா 1 கார். ஆயிரம் குதிரைத்திறன் அளவு இன்ஜின், மெலிந்த உடல், ஆனால் நீண்ட நேர்கோட்டில்கூட 370 சொச்சத்தில் நின்றுவிடும். இறக்கைகளும் மூடாத சக்கரங்களும் சேர்ந்து அதன் குணகத்தை 1-ஐ ஒட்டிக் கொண்டுபோய்விடுகின்றன. வடிவத்தின் மதிப்பெண்ணாக மட்டும் பார்த்தால் காற்றை எதிர்த்து வைத்த கனசதுரப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது வளைவுகளில் நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்தது, நேர்கோட்டு வேகம் அதற்கு இரண்டாம் பட்சம். 2006-இல் ஹோண்டா அணியினர் ஒரு ஃபார்முலா 1 காரின் பின்னிறக்கையைக் கழற்றிவிட்டு, நேராக ஓட ஒரு செங்குத்துத் துடுப்பை மட்டும் பொருத்தி, அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் ஓட்டினார்கள். 400-ஐத் தொட வேண்டும் என்பது ஆசை. சான்றளிக்கப்பட்ட சராசரி 397-இல் நின்றது.

வேய்ரான் இந்த இரட்டைத் தேவையை எப்படிச் சமாளித்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் பிறகு வந்த பல கார்களும் ஏதோ ஒரு வகையில் இந்த வழியில்தான் போகின்றன. சாதாரணமாக ஓட்டும்போது கார் தரையிலிருந்து 125 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். 220-ஐத் தாண்டினால் தானாகவே தாழும், பின்னிறக்கை எழும்பும். இந்த நிலையில் 375 வரை போகலாம், அதற்கு மேல் விடாது. மேலே போக வேண்டுமென்றால் காரை முழுக்க நிறுத்த வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்கு இடப்புறம் கீழே ஒரு பூட்டு. அதில் இரண்டாவது சாவியைப் போட்டுத் திருப்ப வேண்டும். கார் தன்னைத்தானே ஒருமுறை சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் உடல் 65 மில்லிமீட்டருக்குத் தாழும், முன்புற டிஃப்யூசரின் (காரின் அடியில் போகும் காற்றை வழிநடத்தும் பகுதி) மடல்கள் மூடிக்கொள்ளும், இறக்கை கிட்டத்தட்ட உள்ளே போய்விடும். இப்போதுதான் குணகம் 0.36. ஓட்டும்போது பிரேக்கைத் தொட்டாலோ ஸ்டீயரிங்கை அதிகம் திருப்பினாலோ அந்த நிலை உடனே ரத்தாகி, இறக்கை மீண்டும் எழுந்துவிடும். அதாவது, நேராகப் போகிற வரைதான் இந்தச் சலுகை என்று கார் ஓட்டுநரிடம் கறாராக ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது.

அந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மட்டும் என்ன ஆகும்? நாம் முன்பு கணக்கிட்ட 5,600 நியூட்டன் விசை, சுமார் இரண்டு டன் காரைப் பின்னால் பிடித்து இழுக்கும். புவியீர்ப்பில் கால் பங்குக்கு மேல். நகரத்தில் சிக்னலைப் பார்த்துப் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்திப் போட்ட மாதிரி இருக்கும், பிரேக்கைத் தொடாமலேயே.

இழுவையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் போனால் பதில் அரைகுறையாகிவிடும். பலரும் கூரான மூக்குதான் முக்கியம் என்று நினைக்கிறார்கள். இல்லை, வால்தான் முக்கியம். முகப்பில் காற்றை ஒதுக்குவது ஓரளவு எளிது. மழுங்கிய, உருண்ட மூக்கே போதும். கஷ்டம் என்னவென்றால் ஒதுக்கிய காற்றைப் பின்னால் பழையபடி சேர்த்து வைப்பது. உடல் சட்டென்று முடிந்தால் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு சுழற்குழப்பம் உண்டாகும். அது காரைப் பின்னோக்கி உறிஞ்சும். உருண்டையான பந்தின் குணகம் 0.47. அதே முகப்பளவுள்ள, வால் நீண்டு மெலிந்த நீர்த்துளி வடிவத்தின் குணகம் 0.04. முன்பக்கம் ஏறத்தாழ ஒன்றுதான், வித்தியாசம் முழுக்கப் பின்பக்கம்.

ஆனால் பத்து மீட்டர் வால் வைத்த காரை யார் ஓட்டுவது? 1930-களில் ஜெர்மனியின் பொறியாளர் வூனிபால்ட் கம் கண்ட வழி: வாலை மெதுவாகச் சரியவிட்டு, ஒரு கட்டத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்கிவிடுவது. காற்று வெட்டு விளிம்பில் ஒழுங்காகப் பிரிந்துவிடும், நீள வாலின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். எவ்வளவு நீளத்தில் வெட்டுவது என்பதில்தான் சாமர்த்தியம்.

புகாட்டியின் ஷிரோன் சூப்பர் ஸ்போர்ட் 300+ இதற்கு நல்ல சாட்சி. 2019 ஆகஸ்ட் 2 அன்று, ஜெர்மனியின் ஏரா-லெசியன் தடத்தில் ஆண்டி வாலஸ் அதன் முன்மாதிரியை 490.48 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். 1998-இல் மெக்லாரனை அதே தடத்தில் ஓட்டியவரும் இதே வாலஸ்தான். திறன் 1600. நம் கனமூலக் கணக்கை வேய்ரான் சூப்பர் ஸ்போர்ட்டிலிருந்து போட்டால் 474-தான் வர வேண்டும். மேற்கொண்டு 16 கி.மீ. எங்கிருந்து? அந்தக் காரின் வால் வழக்கமான ஷிரோனை விட 25 சென்டிமீட்டர் நீளம். காற்று உடலோடு இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிப்போகிறது, பின்னால் உள்ள சுழற்குழப்பம் சுருங்குகிறது. திருப்பிக் கணக்கிட்டால் இழுவை பத்து சதவீதம் குறைந்தால்தான் இந்த எண் வரும். அந்தப் பத்து சதவீதத்தை இன்ஜினிலிருந்து எடுக்கப் பார்த்தால் 160 குதிரைத்திறன் கூடுதலாக வேண்டும், அதற்கான ரேடியேட்டர்களோடு.

ஒரு எச்சரிக்கை. 490 ஒரு திசை ஓட்டம் மட்டுமே, வேய்ரானின் 431 இரு திசைச் சராசரி. இது வெறும் சட்டப் பிரச்சினை இல்லை. 400-இல் ஓடும் காருக்குப் பின்னிருந்து வெறும் 10 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் உச்ச வேகம் ஆறு ஏழு கிலோமீட்டர் கூடிவிடும். மரத்தின் இலைகள் லேசாகச் சலசலக்கும் அளவுக் காற்றுதான் அது. எதிர்த்திசையில் ஓடினால் ஏறத்தாழ அதே அளவு குறையும், சராசரி எடுத்தால் கணக்கு நேராகிவிடும். சாதனை என்று எதைச் சொன்னாலும் முதலில் நான் கேட்பது, ஒரு திசையா இரண்டு திசையா என்பதுதான்.

காற்றின் அடர்த்தியும் மாறும். குளிரில் அடர்த்தி அதிகம், வெயிலில் குறைவு. 5 டிகிரிக்கும் 35 டிகிரிக்கும் இடையே பத்து சதவீத வித்தியாசம். உயரமான இடத்துக்குப் போனால் இன்னும் குறையும். மெக்ஸிகோ சிட்டி பந்தயத் தடம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அங்கே காற்று சுமார் 20 சதவீதம் மெலிது. பெரிய இறக்கைகளை மாட்டிக்கொண்டே ஃபார்முலா 1 கார்கள் அங்கே 370-ஐத் தொட்டிருக்கின்றன. அப்படியென்றால் எல்லாக் காரையும் மலையில் ஏற்றிவிடலாமே? டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது பலிக்காது. இழுவை 20 சதவீதம் குறைந்தால், மூச்சிழுக்கும் காற்றும் 20 சதவீதம் குறைந்து திறனும் அதே அளவு இறங்கும். உச்ச வேகம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். டர்போ வைத்த இன்ஜின் காற்றை அமுக்கித் திணித்துத் திறனைக் காப்பாற்றிக்கொள்ளும், மின்மோட்டாருக்குக் காற்றே தேவையில்லை. லாபம் இவர்களுக்குத்தான்.

கியர் விகிதத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். இன்ஜின் தன் உச்சத் திறனைத் தரும் சுழற்சி வேகமும் காரின் உச்ச வேகமும் கடைசி கியரில் ஒத்துப்போக வேண்டும். மெக்லாரன் எஃப்1 இன்ஜினில் சுழற்சி வரம்பு 7,500. 386-ஐ எட்டிய அன்று அந்த வரம்பைத் தளர்த்திவிட்டுத்தான் ஓட்டினார்கள். காற்றோடு சண்டை போடத் திறன் மிச்சமிருந்தது, வரம்புதான் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

தடத்தின் நீளம் அப்படி ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை. உச்ச வேகத்தின் 90 சதவீதத்தில் போகும்போது காற்று கேட்பது திறனில் 73 சதவீதம். மீதி 27 முடுக்கத்துக்கு. 98 சதவீதத்தில் மிச்சம் வெறும் ஆறு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கடைசி ஐந்து, பத்து கிலோமீட்டருக்காகப் பல கிலோமீட்டர் நேர்ச்சாலை வேண்டியிருப்பது இதனால்தான். ஏரா-லெசியனில் அது எட்டே முக்கால் கி.மீ. ஜெர்மனியிலேயே உள்ள பாப்பன்பர்க் தடத்தில் நான்குதான். 2025 செப்டம்பரில் சீனாவின் யாங்வாங் யு9 எக்ஸ்ட்ரீம் அந்தப் பாப்பன்பர்க்கில் 496.22 எட்டியது. மின்கார், 3000-க்கு மேற்பட்ட குதிரைத்திறன். புகாட்டியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு திறன், கூடுதல் வேகம் ஆறு கி.மீ. கூட இல்லை. இழுவை இரண்டுக்கும் ஒன்றென்று வைத்துக்கொண்டால் அந்த ஆறு கி.மீ.க்கு மூன்றரை சதவீதத் திறனே போதும். மீதி எங்கே போயிற்று? அதில் பெரும்பகுதி, பாதி நீளமே உள்ள தடத்தில் வேகமாக முடுக்குவதற்குச் செலவாகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன் நான்.

காற்றை ஜெயித்தாலும் டயர் ஒத்துழைக்க வேண்டும். 490-இல் டயரின் ஓரம் நொடிக்கு 136 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஆரம் 35 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அங்கே ஒட்டியிருக்கும் ஒரு கிராம் ரப்பர் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே பறக்கத் துடிக்கும். இதனால்தான் வேய்ரான் சூப்பர் ஸ்போர்ட் 431 ஓடியிருந்தும் விற்ற கார்களை 415-இல் கட்டிப்போட்டார்கள். 490 ஓடிய ஷிரோனின் விற்பனை வடிவத்துக்கு 440. இன்ஜினுக்கு வலு இருக்கிறது, காற்றும் வழிவிடுகிறது, டயருக்குத்தான் உத்தரவாதம் தர யாரும் தயாரில்லை.

அடுத்து நீங்கள் 600 சாத்தியமா என்று கேட்பீர்கள், அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். 490-லிருந்து 600-க்குப் போக, இழுவை மாறாமல் இருந்தால் 1.83 மடங்கு திறன் வேண்டும், அதாவது சுமார் 2,900 குதிரைத்திறன். அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. அல்லது திறனைத் தொடாமல் இழுவையை 45 சதவீதம் குறைக்க வேண்டும். ரேடியேட்டருக்கும் கீழ்விசைக்கும் பதில் சொல்லிக்கொண்டே அதைச் செய்வது கஷ்டம், ஐஸ் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்தால் ஒழிய. ஆனால் டயரில் அந்த ஒரு கிராம் அப்போது எட்டு கிலோ ஆகிவிடும். 1997-இல் ஒலியின் வேகத்தைத் தாண்டி 1,228 கி.மீ. ஓடிய த்ரஸ்ட் எஸ்எஸ்சி வாகனத்தில் டயரே கிடையாது. முழுக்க அலுமினியத்தில் கடைந்த சக்கரங்கள், தள்ளுவதற்கு ஜெட் இன்ஜின்கள்.